நாற்பது வயதில் சைக்கிளா?

"கழுதை வயசாகிறது, இப்போது போய் சைக்கிள் பழகுகிறானாம்!"

டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு எழாத ஊர் நம் நாட்டில் உண்டா? நாற்பது வயது ஆண் கிணற்றில் நீச்சல் பழக இறங்கினால் சிரிப்பு. முப்பத்தைந்து வயதுப் பெண் சைக்கிளில் ஏறினால் சிரிப்பு மட்டுமல்ல, அதற்கு மேலேயும் பேச்சு. பேரன் எடுத்தவன் சிலம்பக் கம்பைத் தொட்டால் "கிழவனுக்குக் கொழுப்பு" என்று பட்டம். ஆனால் அதே மனிதன் அதே மாலைப் பொழுதைச் சாராயக் கடை வாசலில் கழித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்பட்டும், ஒருவரும் சிரிப்பதில்லை. அது உலக வழக்கமாம்!

இந்தச் சிரிப்பைச் சாதாரண விஷயம் என்று தள்ளிவிட முடியாது, தோழர்களே. இது நம்மிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளில் எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, மிச்சம் எட்டு மணி நம் இஷ்டத்துக்கு என்ற கோஷத்தை 1817-ம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் எழுப்பினார். நம் நாட்டில் அந்த எட்டு மணி லேசில் வந்துவிடவில்லை. 1911-ம் வருஷச் சட்டம்தான் பஞ்சாலையில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 12 மணி என்று முதன்முதலாக எல்லை போட்டது. அதற்கு முன் எல்லையே கிடையாது! 1922-ல் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்றாயிற்று. 1934-ல் 10 மணி, 54 மணி. 1946-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் வாரத்துக்கு 48 மணி என்ற நிலை வந்தது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் அதை ஊர்ஜிதம் செய்தது. வயலில் இறங்கும் கூலிக்கு அந்தச் சட்டமும் எட்டவில்லை. அவனுக்குச் சூரியன்தான் கடிகாரம், மிராசுதார் வாய்தான் சங்கு.

கிடைத்ததும் நிலைத்து நின்றுவிடவில்லை. 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. வேலை நேர விதிகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்க சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்து, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா. தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. மே 1-ந் தேதி அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாளில் நடந்த கதை இது.

இத்தனை பாடுபட்டு மீட்ட அந்த மூன்றாவது எட்டு மணியை நாம் என்ன செய்கிறோம்? போக வர பஸ்ஸுக்கு ஒரு பங்கு, தண்ணீர் பிடிக்கவும் ரேஷன் கடைக்கும் ஒரு பங்கு, பெண்களானால் அடுப்படிக்குப் பெரும் பங்கு. மிச்சம் கிடக்கும் அரை மணி, ஒரு மணியை செல்போன் தின்கிறது. அதையும் விட்டு, "எனக்கு இதில் ஆசை, இதைக் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று ஒருவன் கிளம்பினால், அவனைத் தடுப்பது முதலாளி அல்ல, மானேஜர் அல்ல. பக்கத்து மெஷினில் நிற்பவனும் பக்கத்து வீட்டுக்காரியும்தான் தடுக்கிறார்கள். சட்டம் போட்டுத் தடுக்கவில்லை, சிரித்துத் தடுக்கிறார்கள். நம்மவர்கள் செய்கிற காரியம் என்பதால்தான் இதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம்தான். "நாள் முழுக்க ரிங் பிரேமுக்கு முன்னால் நடந்து நடந்து கால் வீங்குகிறது. நாற்று நட்டு இடுப்பு ஒடிகிறது. எங்களுக்கு எதற்கய்யா விளையாட்டும் பயிற்சியும்? அதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து தொந்தி வளர்த்தவனுக்கு!"

வேலையில் படும் பாடும் விளையாட்டில் படும் பாடும் ஒன்று என்ற நினைப்பு இதில் அடங்கியிருக்கிறது. உடம்பு அப்படி நினைக்கவில்லை. டென்மார்க் தேசத்தில் கோபன்ஹேகன் நகர ஆய்வு ஒன்றில் 1 லட்சத்து 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் பத்து வருஷம் கவனித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் அகால மரணமும் குறைந்தன. வேலையில் மட்டும் உடம்பை வருத்தியவர்களுக்கோ அவை கூடின! புகைப் பழக்கம், படிப்பு, வருமானம் முதலிய வித்தியாசங்களைக் கழித்துப் பார்த்தும் அதே முடிவுதான்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். வேலையில் உடம்பு மணிக்கணக்காக ஒரே மாதிரி நிற்கிறது, ஒரே மாதிரி குனிகிறது. இரத்த அழுத்தம் ஏறினால் இறங்க நேரமில்லை. களைத்தால் நிறுத்த உரிமை இல்லை. வேகத்தை மெஷினும் மேஸ்திரியும் தீர்மானிக்கிறார்கள். விளையாட்டில் வேகம் உன்னுடையது. மூச்சு வாங்கினால் நிற்கலாம், ஆறினால் மறுபடி ஓடலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட யோசனையில் வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான அசைவு வேண்டும் என்கிறது. குறைந்த அளவைப் பார்த்தால் நாளைக்கு அரை மணி கூட ஆகாத கணக்கு. ஆலையில் நடந்த நடை இருக்கிறதே என்று அதைத் தட்டிக் கழித்துவிட முடியாது.

இது உடம்பைப் பற்றிய பேச்சு. இதைவிடப் பெரிய பேச்சு ஒன்று இருக்கிறது. அதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. தனிமை.

தனிமை பங்களாக்காரர்களின் வியாதி என்று நினைக்கிறோம். கூட்டம் கூட்டமாக வேலை செய்கிறவனுக்கு ஏது தனிமை? ஆனால் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பின் குடிசையில் ஒற்றையாகச் சமைத்துச் சாப்பிடும் விதவைத் தாயைக் கேளுங்கள். ஊரை விட்டு வந்து ஒரு அறையில் ஆறு பேராகப் படுத்தும், ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இளைஞர்களைக் கேளுங்கள். மில்லிலிருந்து ரிட்டயர் ஆகி, சங்கு ஊதும்போதெல்லாம் பழக்கத்தில் விழித்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் பெரியவரைக் கேளுங்கள். நடவு முடிந்து அறுவடை வரும்வரை வேலையில்லாத நாட்களில் மரத்தடியில் கிடக்கும் கூலிக்கு அது ஓய்வா? கவலையோடு கிடக்கும் தனிமைதான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கமிஷன் 2025-ல் கொடுத்த அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்கிறது. வருஷத்தில் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கு அதில் பங்கு இருக்கிறதாம். வறிய நாடுகளில் அது குறைவு அல்ல, அதிகம் என்றும் சொல்கிறது.

தனியாக இருப்பவன் என்ன சொல்கிறான்? "கூட வர ஆள் இருந்தால் போவேன், ஒண்டியாகப் போய் எப்படி?" ஆள் வரட்டும் என்று காத்திருப்பதில் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. நான் கண்டவரையில் வரிசை தலைகீழாகத்தான் நடக்கிறது. முதலில் ஒருவன் ஒண்டியாக மைதானத்துக்குப் போகிறான். மூன்றாம் நாள் வேடிக்கை பார்த்த ஒருவன் "சீட்டைக் கொஞ்சம் இறக்கு அண்ணே" என்கிறான். பத்தாம் நாள் அவனும் தன் சைக்கிளோடு வருகிறான்.

ருஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திராது. நாவல்களைச் சொல்லவில்லை, சைக்கிளைச் சொல்கிறேன். 1895-ம் வருஷம் பிப்ரவரி மாதம் ஏழு வயது நிரம்பாத அவருடைய கடைசிப் பையன் காய்ச்சலில் இறந்துபோனான். வீடு இருண்டு கிடந்தது. கிழவருக்கு அப்போது அறுபத்தேழாம் வயது நடந்துகொண்டிருந்தது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அவர் சைக்கிள் பழகக் கிளம்பினார்! மாஸ்கோ சைக்கிள் பிரியர் சங்கம் ஒரு வண்டியைக் கொடுத்தது. பெரிய கூடம் ஒன்றில் சுற்றிச் சுற்றி வந்து பழகினார். உலகமே மகான் என்று கொண்டாடிய மனிதர், வெள்ளைத் தாடி பறக்க, இளவட்டங்களுக்கு நடுவே தடுமாறினார். அவருடைய சிஷ்யர்களிலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. அவர் உபதேசித்த எளிய தர்மத்துக்கு இந்த விளையாட்டு பொருந்துமா என்று முகம் சுளித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் பிரான்சிஸ் வில்லார்ட் என்ற மாது மதுவிலக்கு இயக்கத்தின் தலைவி. தாயை இழந்து உடம்பும் தளர்ந்திருந்த நேரத்தில், 53-வது வயதில் சைக்கிள் கற்றார். கற்ற அனுபவத்தை 1895-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். பாவாடை தடுக்கும், ஜனங்கள் பார்ப்பார்கள், எலும்பு முறியும் என்ற பயங்கள் அவருக்கும் இருந்தன.

பெயர் பெற்றவர்கள் செய்தார்கள், நம்மால் ஆகுமா என்று கேட்பவருக்கு வெளிநாடு போக வேண்டிய அவசியமில்லை. நம் புதுக்கோட்டை ஜில்லாவுக்குப் போகலாம்.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறியாத ஜனங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இயக்கம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்துக்குக் கிராமம் பெண் தொண்டர்கள் போக வேண்டும். பஸ்ஸோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அப்பன் அல்லது புருஷன் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனால்தான் உண்டு. அவன் வரமாட்டேன் என்றால் வகுப்பும் இல்லை. ஆகவே "அ, ஆ" கற்பதோடு சைக்கிளும் கற்க வேண்டும் என்று இயக்கமே முடிவு செய்தது. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடும் நடந்தது.

ஆரம்பத்தில் என்ன பேச்சு! பெண் காலை அகட்டி உட்காருவதா? ஒழுக்கம் என்னாவது? நடத்தையைப் பற்றியே கூசாமல் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு மேடை போட்டு யாரும் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் மைதானங்களில் கூடினார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரியில் கல் உடைப்பவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சரம்மாக்கள், பர்தா வழக்கமுள்ள வீட்டுப் பெண்கள். நேற்றுக் கற்றவள் இன்று அடுத்தவளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோயிற்று. தீர்ந்தால் என்ன, ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள்! நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம், ஆகவே அதுவே மேல் என்று சொன்ன தாய்மார்களும் உண்டு. 1992 சர்வதேச மகளிர் தினத்தன்று ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே நேரில் போய் எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், அந்த ஜில்லாவில் சைக்கிள் கற்ற கிராமப் பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று பதிவு செய்திருக்கிறார்.

இதில் பலன் என்ன என்று கேட்பவர்கள் காசுக் கணக்கையே கேட்கிறார்கள். காசுக் கணக்கும் இருக்கிறது: பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சம், காய்கறியும் பூவும் இன்னும் நாலு ஊருக்குக் கொண்டுபோய் விற்கலாம், கேரியரில் தண்ணீர்க் குடம் வரும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது வேறு. முப்பது வயதுக்கு மேல், கையும் காலும் மரத்துப்போன பின், தன்னால் ஆகாது என்று எல்லோரும் சொன்ன ஒன்றைத் தன் உடம்பு கற்றுக்கொண்டது என்று ஒரு பெண் அறிகிறாளே, அதற்கு என்ன விலை? கையெழுத்துப் போடக் கற்றவளுக்கும் அதே பெருமைதான். அதனால்தான் அந்த இரண்டும் ஒன்றாக நடந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெண்கள் ஒருத்தி ஒருத்தியாகச் சிரிப்பைத் தாங்கவில்லை. ஒற்றைப் பெண்ணைப் பார்த்து ஊர் சிரிக்கும். நாற்பது பெண்கள் ஒரே மைதானத்தில் விழுந்து எழுந்தால் ஊர் எத்தனை நாளைக்குச் சிரிக்கும்?

சேரியில் பிறந்த விவசாயத் தொழிலாளிக்கு இது வெறும் சிரிப்போடு நின்றதுமில்லை. ஊர்த் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை நம் தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில் இருந்தது. முற்றிலும் தொலைந்துவிட்டது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லவும் முடியாது. "இவனுக்கெல்லாம் சைக்கிள் ஒரு கேடா?" என்று அன்று கேட்ட வாய்க்கும், "இந்த வயசில் இவளுக்குச் சைக்கிள் ஒரு கேடா?" என்று இன்று கேட்கும் வாய்க்கும் தூரம் அதிகமில்லை. இன்னாருக்கு இன்னதுதான் தகும் என்று யாரோ போட்ட கோட்டை நாமும் சேர்ந்து காவல் காக்கிறோம். அதைச் செய்கிற தொழிலாளி, சங்கக் கூட்டத்தில் சமத்துவம் பேசி என்ன பிரயோஜனம்?

1894-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துச் சோஷலிஸ்டுகள் சிலர் கூடி, "கிளாரியன்" என்ற பத்திரிகையின் பெயரில் ஒரு சைக்கிள் கிளப் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை புகை மண்டிய ஊரைவிட்டு வயல்வெளிக்கு ஓட்டிக்கொண்டு போவது, போகிற இடத்தில் பத்திரிகை விற்பது, கூடி உண்பது. அந்தக் கிளப் இன்றும் இருக்கிறது. எத்தனையோ பிரசுரங்கள் மறைந்துபோயின, சைக்கிள் கிளப் நிற்கிறது! நம் சங்கங்களில் மகாநாட்டுக்குக் கொடி கட்டத் தெரியும், வாயிலில் கூட்டம் போடத் தெரியும். ஞாயிறு காலையில் உறுப்பினர்கள் பத்துப் பேரை ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போக ஏன் தெரியவில்லை? "அது பிள்ளை விளையாட்டு, சங்கத்தின் வேலையல்ல" என்று செயலாளர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கப் போராடுவது சங்கத்தின் வேலையென்றால், குறைந்த நேரத்தில் மனிதன் மனிதனாக இருக்கிறானா என்று பார்ப்பதும் அதன் வேலைதான்.

இனி கற்கும் வழி. வயது வந்தவர் கற்பதில் உள்ள சிக்கல், சிறு பையனைப் போல் குரங்குப் பெடல் போட முடியாது. விழப் பயம் அதிகம், விழும் உயரமும் அதிகம். ஆகவே சீட்டை நன்றாகத் தாழ்த்திவிடுங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பரவ வேண்டும். முடிந்தால் பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடது பெடலின் மறை எதிர்ப்பக்கம் திரும்பும், கடைக்காரனுக்குத் தெரியும். லேசான சரிவில் காலால் உந்தி உந்தி உருளப் பழகுங்கள். இரண்டொரு நாளில் காலைத் தூக்கிக்கொண்டு பத்து முழம் உருள வரும். அது வந்தபின் பெடலை மாட்டினால் போதும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்புகிறவர்தான் விழுகிறார். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, எதிரே தூரத்தில் இருக்கும் மரத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவது நல்லதுதான், ஆனால் ஹேண்டிலை அவர் தொடக் கூடாது. வேட்டி, சேலைத் தலைப்பு செயினிலும் சக்கரத்திலும் மாட்டும், இழுத்துச் சொருகிக்கொள்ளுங்கள்.

பஞ்சுத் தூசியில் வருஷக்கணக்காக வேலை செய்து, லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுகிறவர்கள் முதலில் இ.எஸ்.ஐ. டாக்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்களும் அப்படியே. சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறும் காலோடு பழகக் கூடாது. பாதத்தில் பட்ட காயம் தெரியாமலே புண்ணாகிவிடும். நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில் யாரும் சைக்கிளைத் தொட வேண்டாம். தூங்கி எழுந்து மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

சைக்கிளுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் பல வீடுகளின் திண்ணையிலேயே நிற்கிறது. பதினோராம் வகுப்பில் பிள்ளைக்குச் சர்க்கார் கொடுத்த சைக்கிள். பிள்ளை படிப்பு முடிந்து மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டான். அது சுவரில் சாய்ந்து துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு டயருக்கும் காற்று நிற்கிறதா என்று பார்த்து, பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு ஸ்பேனர் வாங்கி சீட்டை இறக்குங்கள். அம்மாவோ அப்பாவோ, யார் முதலில் ஏறுவது என்பதை வீட்டில் பேசிக்கொள்ளலாம்.